கதை நீள்வதும் கதையை இழுப்பதும் ஒன்றல்ல

கேள்வி: மெகா சீரியல்களை இத்தனை வருடங்களாக விடாமல் பார்க்கிறீர்கள். அவற்றில் கதை என்று உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா? ஏன் இப்படி இழுக்கிறார்கள்? நல்ல தொடர் எது, மோசமான தொடர் எது என்று எதை வைத்துப் பிரிக்கிறீர்கள்? புதிதாகப் பார்க்க நினைப்பவர் எங்கிருந்து தொடங்கலாம்?

கதை இருக்கிறது. இழுவையும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் இந்தக் கலைக்கு நம்மிடையே ஒழுங்கான விமரிசனம் அமையவில்லை. வெள்ளிக்கிழமை வெளியான படத்தின் இடைவேளைக் காட்சி சரியா தவறா என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், ஆறு வருடம் ஓடிய தொடரின் திரைக்கதையை ஒரு பத்தியில்கூட அலசுவதில்லை. அழுகை, மாமியார் மருமகள் சண்டை என்று இரண்டே சொல்லில் கணக்கை முடித்துவிடுகிறார்கள். பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்களும் முதியவர்களும் என்பது இந்த அலட்சியத்துக்கு ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். 'சித்தி' ஓடிய காலத்திலிருந்து பார்த்து வருகிறேன். எனக்கு இதில் கோபங்கள் உண்டு. ஆனால் அவை இந்த வடிவத்தை மதிப்பதால் வரும் கோபங்கள்.

என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தொடர் மெதுவாக நகர்கிறதா, வேகமாக நகர்கிறதா என்று நான் பார்ப்பதில்லை. அதற்குத் தன் பழைய கதை நினைவிருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பகுதி அரை மணி நேரம். விளம்பரம் போக இருபது நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். வாரத்துக்கு ஐந்து அல்லது ஆறு பகுதி. ஆக, ஒரு வாரம் என்பது ஏறக்குறைய ஒரு முழுத் திரைப்படத்தின் நேரம். தேவயானி நடித்த 'கோலங்கள்' 2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பரில் முடிந்தது. 1500-க்கும் மேற்பட்ட பகுதிகள். திரைப்படத்துக்கோ நாவலுக்கோ கிடைக்காத ஒரு வசதி இங்கே கிடைக்கிறது. கதைமாந்தர்கள் நம்மோடு சேர்ந்து வயதாகிறார்கள். முதல் வருடத்தில் ஒருவர் சொன்ன சுடுசொல்லை நாலாவது வருடத்தில் இன்னொருவர் திருப்பிச் சொல்லும்போது, அது பார்ப்பவருடைய சொந்த நினைவாகவே இருக்கிறது. பின்னோக்குக் காட்சி போட்டு நினைவூட்ட வேண்டியதில்லை. பிரிட்டனில் 1960 டிசம்பரில் தொடங்கிய 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' தொடரின் முதல் பகுதியில் கல்லூரி மாணவனாக வந்த கென் பார்லோவைப் பல பத்தாண்டுகள் கடந்தும் அதே வில்லியம் ரோச் நடித்து வந்தார். அந்த மனிதரின் நரை ஒப்பனை அல்ல. இதை வேறெந்தக் கதை வடிவத்தாலும் தர முடியாது.

மெதுவான நடைக்கு ஒரு வரலாறு உண்டு. 1930-களில் அமெரிக்க வானொலியில் பகல் நேரத்தில், வீட்டிலிருக்கும் பெண்களை நோக்கி இந்தத் தொடர்கள் தொடங்கின. புரவலர்கள் சோப்பு நிறுவனங்கள். 'சோப் ஓபரா' என்று அந்தப் பெயரே தொடருக்கும் ஒட்டிக்கொண்டது. இர்னா பிலிப்ஸ் என்ற எழுத்தாளர்தான் இந்த வடிவத்தின் தாய் என்று சொல்லலாம். அவர் உருவாக்கிய 'கைடிங் லைட்' 1937-இல் வானொலியில் தொடங்கி, 1952-இல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009-இல் முடிந்தது. 72 வருடம்! வேலை செய்துகொண்டே கேட்பவருக்காக எழுதப்பட்டதால், முக்கியமான செய்தி இரண்டு முறை சொல்லப்படும். நிகழ்ச்சியைவிட நிகழ்ச்சியைப் பற்றிய பேச்சு அதிகமாக இருக்கும். நம் வீடுகளிலும் ஒருவர் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தால் இன்னொருவர் அடுப்படியில் நின்று கேட்கிறார். வசனம் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறதே என்று திரைப்பட ரசிகர்கள் குறைபடுவது இந்தப் பழக்கத்தைக் கவனிக்காததால்தான். காதுக்கும் எழுதுவது இந்த வடிவத்தின் இலக்கணம்.

நமக்கு இது வெளியிலிருந்து வந்த பழக்கம் மட்டுமல்ல. வார இதழ் வரும் நாளன்று தொடர்கதைப் பக்கத்தை யார் முதலில் படிப்பது என்று வீட்டுக்குள் போட்டி போட்ட சமூகம் இது. பிற்காலத்தில் 'கோலங்கள்', 'தென்றல்', 'தெய்வமகள்' ஆகிய தொடர்களைத் தயாரித்தது விகடன் குழுமத்தின் தொலைக்காட்சி நிறுவனம் என்பது தற்செயலாக நடந்தது என்று நான் நினைக்கவில்லை. பத்திரிகையில் 'தொடரும்' போடத் தெரிந்தவர்களுக்குத் திரையிலும் அதை எங்கே போடுவது என்று தெரிந்திருந்தது. தொலைக்காட்சியிலும் முதலில் வாரம் ஒருமுறை வரும் தொடர்களே செல்வாக்குடன் இருந்தன. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில், இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'மர்மதேசம்' அந்த வகையின் உச்சம். அடுத்த வாரம்வரை காத்திருக்க வைத்தது அதன் பலம். தினத்தொடருக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. அது வாழ்க்கையின் அன்றாடத்தோடு ஒட்டி ஓட வேண்டும். 1999 இறுதியில் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய ராதிகாவின் 'சித்தி' அந்த ஒட்டுதலை வீட்டுக்கு வீடு ஏற்படுத்தியது. இரவு வேலைகளை அதன் முகப்புப் பாடலை வைத்து முடித்துக்கொண்ட குடும்பங்கள் எத்தனையோ.

இனி இழுவைக்கு வருகிறேன். என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்ற எண்ணமே நம் மரபுக்கு அந்நியமானது. பாரதக் கூத்து இரவிரவாக நடக்கிறது. துகிலுரியும் இரவில் என்ன நடக்கும் என்பது தெரியாமல் அங்கே வந்து உட்கார்ந்தவர் யார்? எப்படி நடக்கிறது, பாஞ்சாலி இன்று என்ன கேட்கிறாள், சபையில் இருந்தவர்கள் எப்படித் தலை குனிகிறார்கள் என்று பார்க்கத்தான் வருகிறார்கள். ஆகவே, பார்ப்பவருக்குத் தெரிந்த உண்மை கதைமாந்தருக்குத் தெரியாமல் இருப்பது நியாயமான உத்திதான். அந்த உண்மை ஏன் இன்னும் வெளியே வரவில்லை என்ற இடத்தில்தான் நல்ல எழுத்தும் கெட்ட எழுத்தும் பிரிகின்றன. சொல்ல வேண்டியவருடைய அச்சமோ, கௌரவமோ, பாசமோ தடுத்தால் அது கதை. "உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்று வாயெடுக்கும்போதெல்லாம் அழைப்பு மணி அடித்தாலோ, கைபேசியில் சார்ஜ் தீர்ந்தாலோ, கதவுக்குப் பின்னால் யாராவது நின்றாலோ, அது பார்ப்பவரை ஏமாற்றுவது.

ஓர் எடுத்துக்காட்டை நானே கட்டிக் காட்டுகிறேன். எந்தத் தொடரிலும் வந்ததல்ல. தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்காக மருமகள் தன் இரண்டு வளையல்களைக் கணவனுக்குத் தெரியாமல் அடகு வைக்கிறாள். மோசமான தொடர் இதை என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். அடகுச் சீட்டு நாத்தனார் கையில் கிடைக்கும். அவள் முகத்தை மூன்று கோணத்தில் காட்டி, இடி முழக்க இசையோடு நிறுத்துவார்கள். அதன்பிறகு சீட்டு பீரோவுக்கும் கைப்பைக்கும் தலையணைக்கடிக்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். வீட்டில் ஒரு வளைகாப்பு வரும், எல்லோர் முன்னிலையிலும் "வளையல் எங்கே?" என்ற கேள்வி எழும்; யாரோ கவரிங் வளையலைக் கொண்டுவந்து மாட்டிக் காப்பாற்றுவார்கள். இரண்டு மாதம் கழித்து உண்மை தெரியும், கணவன் ஒரு நாள் கோபித்துக்கொள்வான், அடுத்த வாரம் எல்லோரும் மறந்துவிடுவார்கள். அந்த இரண்டு மாதமும் யாரையும் மாற்றவில்லை. நான் இழுவை என்று சொல்வது இதைத்தான். இதில் வேகத்துக்குக் குறைவே இல்லை. தினமும் ஏதோ நடந்துகொண்டுதான் இருந்தது.

நல்ல எழுத்தாளர் அதே வாரத்தில் உண்மையை உடைத்துவிடுவார். கணவனுக்குக் கோபம் வராது, வருத்தம் வரும். "என்னிடம் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன் என்று நினைத்தாயா?" என்ற ஒரே கேள்வி. அவளிடம் பதில் இருக்காது, ஏனென்றால் அவள் அப்படித்தான் நினைத்தாள். மாமியார் முதல் நாளே வெறும் கையைக் கவனித்துவிட்டு, எதுவும் கேட்காமல் தட்டில் சோறு போட்டதை நாம் பார்த்திருப்போம். அந்த மௌனம் இரக்கமா, பிறகு பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற கணக்கா என்று சொல்லாமல் கதை நகர்ந்துவிடும். முந்நூறு பகுதி கடந்தபின் மாமியாருக்கே பணமுடை வரும். வீட்டில் வேறு யாரிடமும் போகாமல் இந்த மருமகளிடம் வந்து, தன் வளையலைக் கழற்றி, "உனக்குத்தான் அடகுக் கடை தெரியும்" என்பார். வேறெதுவும் சொல்ல வேண்டாம். ஒரு வருடமாகப் பார்த்துவருகிறவருக்கு அந்த ஒரு வரி போதும். நேற்றுத்தான் பார்க்க ஆரம்பித்தவருக்கு அது வெறும் வசனம். தொடரின் செல்வம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

மறதி எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு உலக அளவில் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு 'டல்லாஸ்'. அதன் வில்லன் ஜே.ஆரைச் சுட்டது யார் என்ற கேள்வியால் 1980-இல் அமெரிக்காவையே பல மாதம் காத்திருக்க வைத்த தொடர் அது. அப்படிப்பட்ட தொடர், இறந்துபோன பாபியை 1986-இல் திரும்பக் கொண்டுவருவதற்காக, ஒரு முழு சீசனையும் அவனுடைய முன்னாள் மனைவி கண்ட கனவு என்று சொல்லிவிட்டது. ஒரு வருடம் பார்த்தவர்களின் நினைவை ஒரே காட்சியில் அழித்தார்கள். நடிகர் திரும்பி வந்தார், நம்பிக்கை வரவில்லை. நம் தொடர்களில் இறந்தவர் திரும்பி வருவதும், முகம் மாற்றி வருவதும், நினைவு தப்பி வேறு ஊரில் வாழ்வதும் அதே குற்றத்தின் சிறிய வடிவங்கள்.

தமிழ்த் தொடர்களின் உண்மையான பொருள் என்ன என்று என்னைக் கேட்டால் பணம் என்பேன். காதல் அல்ல, பழிவாங்கல் அல்ல. யாருக்கு எவ்வளவு பங்கு, யார் சம்பாதிக்கிறார், யார் செலவைப் பார்க்கிறார், சீர் குறைந்ததா, நகை யார் பெயரில் இருக்கிறது என்பவைதாம். இந்த விஷயத்தில் நம் தொடர்கள் பல நேரம் நம் திரைப்படங்களைவிட நேர்மையானவை. திருமுருகன் இயக்கிய 'மெட்டி ஒலி' 2002-இலிருந்து 2005 வரை ஓடியது. சிதம்பரம் என்ற தந்தை, ஐந்து மகள்கள். அவ்வளவுதான் கதை. ஒவ்வொரு திருமணத்திலும் அந்த மனிதரின் கையிருப்பும் கௌரவமும் சேர்ந்து குறைகின்றன. டெல்லி குமார் அந்தப் பாத்திரத்தில் பெரிதாக அழுததைவிட, மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் மனதை அதிகமாக உலுக்கியது. சேத்தன் நடித்த மாணிக்கமும், அவன் தாயாக வந்த சாந்தி வில்லியம்ஸும் சரோஜாவைப் படுத்திய பாட்டைப் பார்த்து வீடுகளில் திட்டாதவர் இல்லை. அங்கே விஷம் இல்லை, அடியாள் இல்லை. சாப்பாட்டு வேளையில் விழும் ஒரு சொல், பிறந்த வீட்டுக்கு அனுப்ப மறுக்கும் ஒரு மாலை, இவ்வளவே கொடுமைக்குப் போதுமானதாக இருந்தது. 2020-இல் பொது முடக்கத்தின்போது மறு ஒளிபரப்பானபோது, தாங்கள் சிறுவர்களாக இருந்தபோதே முடிந்துபோன தொடரை இளைஞர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள். ஐந்து மகள்களின் கதையும் ஒன்றையொன்று நினைவில் வைத்திருந்ததால்தான் அது பழசாகவில்லை என்பது என் கருத்து.

'கோலங்கள்' பணத்தை வீட்டுக்கு வெளியே கொண்டுபோனது. அதன் நாயகி அபி கட்டுமானத் தொழில் செய்தாள். ஒப்பந்தம், கடன், போட்டி நிறுவனம், தொழிலில் அவளை ஒழித்துக்கட்ட நினைக்கும் ஆதித்யா என்று ஒரு பெண்ணின் வேலை வாழ்க்கை கதையின் நடுவில் இருந்தது. கடைசி ஒன்றிரண்டு வருடம் நீட்டியது உண்மை. ஆதித்யாவின் சதிகள் ஒரு கட்டத்துக்குமேல் ஒன்றைப்போல் ஒன்று இருந்தன. ஆனாலும் ஒரு பெண் தோற்று, மறுபடி தொழில் தொடங்கி, மறுபடி தோற்பதை அத்தனை பொறுமையாக வேறு எதுவும் காட்டவில்லை. மளிகைக் கடை நடத்தும் அண்ணன் தம்பிகளைப் பற்றிய 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' தொடரும் கல்லாப்பெட்டியை நடுவில் வைத்ததால்தான் முதல் இரண்டு வருடம் உயிரோடு இருந்தது.

'கோலங்கள்' இயக்கிய திருச்செல்வமே 2022-இல் 'எதிர்நீச்சல்' தொடங்கினார். அதிலும் சொத்துதான்: அப்பத்தாவிடம் இருக்கும் நாற்பது சதவீதப் பங்கு. ஆனால் அந்தத் தொடரை உயர்த்தியது ஆதி குணசேகரன். ஜி. மாரிமுத்து அந்தப் பாத்திரத்தைச் செய்த விதத்தை ஒரு பாடமாகவே வைக்கலாம். படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து அடுப்படியில் நிறுத்திவைத்திருக்கும் ஒரு வீட்டின் தலைவன். அவன் சதி செய்வதாக நினைக்கவில்லை; ஊரும் உலகமும் இப்படித்தான் நடக்க வேண்டும் என்று மனதார நம்புகிறான். "இந்தாம்மா ஏய்" என்று அவன் அழைத்த குரலை நாம் எல்லோரும் எங்கேயோ கேட்டிருக்கிறோம்; அதனால்தான் அது அப்படிப் பரவியது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, வாதத்தில் தோற்கும்போது சிரித்து, ஜெயிக்கும்போது அதட்டுகிற மனிதர். ஒரு பெண் வேலைக்குப் போகலாமா என்ற கேள்வியை நாற்பது வார்த்தையில் தட்டிக்கழிப்பார். அந்த நாற்பது வார்த்தையிலும் பாசம் என்று சொல்லிக்கொள்ள இடமிருக்கும். வில்லனுக்கு இதைவிடப் பெரிய ஆயுதம் தேவையில்லை.

2023 செப்டம்பர் 8-ஆம் தேதி அத்தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது உடல்நலம் குன்றி மாரிமுத்து காலமானார். அந்தப் பாத்திரத்துக்கு எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி வந்தார். அவர் திறமையில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால், 'இவருக்குப் பதில் இவர்' என்று போடுகிற நம் வழக்கம் எல்லாப் பாத்திரத்துக்கும் பொருந்தாது. கதையால் நிற்கும் பாத்திரத்துக்கு முகம் மாறலாம். ஒரு வாரத்தில் பழகிவிடும். ஒரு மனிதரின் குரலாலும் உடல்மொழியாலும் நின்ற பாத்திரத்தை அப்படி மாற்ற முடியாது. குணசேகரனும் இறந்துவிட்டதாகக் கதையிலேயே ஏற்றுக்கொண்டு, அவன் போன பிறகும் அவன் விதிகள் அந்த வீட்டில் எப்படி ஆட்சி செய்கின்றன என்று காட்டியிருக்கலாம். அந்த மருமகள்கள் எதிர்த்தது ஒரு மனிதனை மட்டுமல்லவே. இதைவிடப் பொருத்தமான வாய்ப்பு ஒரு தொடருக்கு அமைவது அரிது. அது கைநழுவியதில் எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

நேர்மாறான வகை வில்லிக்கு 'தெய்வமகள்' காயத்ரி. அண்ணியார் என்றால் போதும், எல்லோருக்கும் தெரியும். ரேகா கிருஷ்ணப்பா அதை மேடை நாடகத்தின் கம்பீரத்தோடு செய்தார், நானும் ரசித்தேன். குடும்பத்துக்குள் இருந்த சூழ்ச்சி கடத்தல், கொலை என்று வெளியே போனபோது பயம் குறைந்தது. பின்னால் வந்தவர்கள் அவருடைய நடிப்பை விட்டுவிட்டுக் கடத்தலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

ஏன் இழுக்கிறார்கள் என்ற கேள்விக்குத் தொழில்முறைப் பதில் எளிது. சன் தொலைக்காட்சியில் நெடுங்காலம் தயாரிப்பாளர்கள் ஒளிபரப்பு நேரத்துக்குக் கட்டணம் செலுத்தி, விளம்பர நேரத்தைத் தாங்களே விற்றுச் சம்பாதித்தார்கள். ஓடுகிற தொடரை முடிப்பது என்றால் ஓடுகிற வருமானத்தை நிறுத்துவது. இப்போது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அளக்கும் 'பார்க்' அமைப்பு வாராவாரம் வெளியிடும் டி.ஆர்.பி. எண்கள் கதையின் போக்கைத் தீர்மானிக்கின்றன. ஒரு திருமண வாரம் எண்ணை ஏற்றினால் அடுத்த மாதம் இன்னொரு திருமணம். ஒரு கிளைக்கதை இரண்டு வாரம் சரிந்தால் அதிலிருந்தவர்கள் வெளியூர் போய்விடுகிறார்கள், அவர்களைப் பற்றிப் பிறகு யாரும் விசாரிப்பதுகூட இல்லை. படப்பிடிப்புத் தளத்துக்கு வசனம் அன்று காலையில் வந்து சேரும் நிலையில், நான்கு வருடத்துக்கு முன் யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார் என்று பார்க்க எழுத்தாளருக்கு நேரம் ஏது? எழுத்தாளர் மாறும்போது பழைய பகுதிகளின் சுருக்கத்தைக் கையில் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பார்க்கிறவருக்கு நினைவிருப்பது எழுதுகிறவருக்கு நினைவில்லை என்றால் அது அவமரியாதை.

முடிவு என்ற ஒன்றை முன்பே தீர்மானிப்பது இன்னொரு வழி. லத்தீன் அமெரிக்காவின் டெலிநாவெலா என்ற தினத்தொடர் பெரும்பாலும் சில மாதங்களிலிருந்து ஓரிரு வருடத்துக்குள் முடிந்துவிடும். கடைசிப் பகுதி அங்கே ஒரு திருவிழா. கொலம்பியாவில் 1999-இல் தொடங்கிய 'பெட்டி லா ஃபேயா' 2001-இல் முடிந்தது. பிறகு இந்தி உட்படப் பல மொழிகளில் அது மீண்டும் எடுக்கப்பட்டது. நம் தொடர்களுக்கும் 400 பகுதி போதும் என்பது என் துணிபு. இன்று ஒரு தொடர் முடிகிறது என்றால் என்ன நடக்கிறது? எண் விழுந்திருக்கிறது என்று பொருள். ஒரே வாரத்தில் வில்லி திருந்துகிறாள், கோமாவில் இருந்தவர் எழுகிறார், குழுப் புகைப்படம், சுபம். ஆறு வருடம் கூடவே வந்தவர்களுக்கு ஆறு நாளில் விடை கொடுத்துவிடுகிறார்கள்.

தொடர்கள் பெண்களுக்குக் கெடுதல் செய்கின்றன என்ற குற்றச்சாட்டுக்கும் நேராகப் பதில் சொல்ல வேண்டும். தொடர்கள் பெண்களுக்கு நல்லது செய்ய முடியும் என்பதற்குச் சான்று உண்டு. 1962-இல் எழுத்தாளர் ஆக்னஸ் நிக்சன் 'கைடிங் லைட்' தொடரில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையைக் கதையாக்கினார். புற்றுநோய் என்ற சொல்லையும் கருப்பை என்ற சொல்லையும் உச்சரிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அனுமதி கிடைத்தது; இருந்தும் செய்து முடித்தார். 1984-இல் தூர்தர்ஷனில் வந்த 'ஹம் லோக்', மெக்சிகோவில் மிகேல் சபிதோ சமூகச் செய்திகளைத் தொடருக்குள் வைத்த முறையைப் பின்பற்றி, குடும்பக் கட்டுப்பாட்டையும் பெண்களின் நிலையையும் பேசியது. பகுதி முடிந்ததும் அசோக் குமார் வந்து பார்வையாளர்களிடம் நேரடியாகப் பேசுவார். அப்படிப்பட்ட வடிவத்தில், இன்றும் கட்டாயத் தாலி கட்டும் காட்சியைக் காதலின் தொடக்கமாகக் காட்டுகிறார்கள். பெண்ணின் விருப்பமில்லாமல் கழுத்தில் கயிறு கட்டியவன் அடுத்த நூறு பகுதிக்குள் கதாநாயகன் ஆகிவிடுகிறான். அவள் அந்தத் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். இதை எந்தச் சமாதானமும் சொல்லி ஏற்க மாட்டேன். அது ஒரு குற்றம். தொடர் அதை முதல் வாரம் குற்றமாகக் காட்டிவிட்டுப் பிறகு மறந்துபோவதுதான் எனக்கு இன்னும் அதிக ஆத்திரத்தைத் தருகிறது. அவளுக்கு நேர்ந்ததை அவளே மறந்தால்தான் கதை நகரும் என்றால், அந்தக் கதை நகரவே வேண்டாம்.

திறமைக்குக் குறைவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். திருமுருகனின் 'நாதஸ்வரம்' தொடரின் 1000-ஆவது பகுதியை 2014-இல் ஒரே ஷாட்டில், நேரலையாக, 23 நிமிடத்துக்கும் மேலாக எடுத்து கின்னஸில் இடம்பிடித்தார்கள். சீரியல் நடிப்பு என்று மட்டமாகப் பேசுகிறவர்கள் அந்த ஒரு பகுதியையாவது பார்க்க வேண்டும். வசனத்தைத் தவறவிட இடமில்லாமல், நேரலையில் அத்தனை பேர் நடித்திருக்கிறார்கள். அந்த உழைப்பில் ஒரு பங்கு கதையின் தொடர்ச்சிக்குக் கிடைத்தால் போதும் என்பதே என் வேண்டுதல்.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டீர்கள். 'மெட்டி ஒலி'யிலிருந்து தொடங்குங்கள். ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். நாளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. தினம் ஒன்றாக வாழ்ந்து பார்ப்பதற்கென்று எழுதப்பட்டதை ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பார்த்தால், திரும்பத் திரும்பச் சொல்வதுதான் கண்ணில் படும். அடுத்து, 'எதிர்நீச்சல்' மாரிமுத்து இருந்த காலம் வரை. மர்மக் கதை பிடிக்கும் என்றால் 'மர்மதேசம்'. அது வேறு வகை, ஆனால் முடிவை முன்பே தெரிந்துகொண்டு எழுதினால் என்ன கிடைக்கும் என்பது அதில் தெரியும்.

இப்போது ஓடும் தொடர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், புரோமோவை நம்ப வேண்டாம். அதில் கன்னத்தில் விழும் அறை பெரும்பாலும் கனவாகவோ கற்பனையாகவோ முடியும். இரண்டு வாரம் பாருங்கள். அந்த வீட்டில் யார் சம்பாதிக்கிறார், யாருக்கு எவ்வளவு கடன், யார் யாரிடம் எதற்காகப் பேசுவதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டதா? அப்படியென்றால் எழுதுகிறவருக்கும் தெரிந்திருக்கிறது. மூன்றாவது வாரமும் பார்க்கலாம். தெரியவில்லை, ஆனால் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டவர்கள் மட்டும் மூன்று பேர் இருக்கிறார்கள் என்றால், அந்த அரை மணி நேரத்துக்கு அலைவரிசையை மாற்றிவிடுங்கள்.